பூனை படுக்கும் இடம்

எங்கள் வீட்டில் அப்பா தினமும் காலை ஆறு மணிக்கு முந்தைய நாளின் காலண்டர் தாளைக் கிழிப்பார். கிழித்த தாளோடு வாசலுக்குப் போய் ஈபி மீட்டரைப் பார்ப்பார். அதில் ஓடும் எண்ணைத் தாளின் பின்பக்கம் எழுதி, வந்து கம்பியில் குத்திவைப்பார். தபால் துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவர். கம்பியில் ஏறாத காகிதம் அவரைப் பொறுத்தவரை குப்பை. ராசிபலன் ஒரு பக்கம், யூனிட் கணக்கு மறுபக்கம் என்று பல வருஷத்துத் தாள்கள் அந்தக் கம்பிகளில் இருக்கின்றன. இந்தப் பழக்கத்தை நான் நிறையக் கேலி செய்திருக்கிறேன். இப்போது செய்வதில்லை.

2023 மே மாதக் கணக்கெடுப்பில் எங்களுக்கு இரண்டு மாதத்துக்கு 512 யூனிட் வந்தது. 500ஐத் தாண்டினால் என்ன ஆகும் என்று தமிழ்நாட்டில் மீட்டர் வைத்திருக்கும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி 500 யூனிட்டோடு நின்றிருந்தால் 1,725 ரூபாய். 500ஐத் தாண்டினால் அதற்குக் கீழே உள்ள யூனிட் சிலவற்றின் விலையும் ஏறிவிடும், 512 என்பதால் 2,046. கூடுதலாக ஓடிய 12 யூனிட்டுக்குத் தண்டம் 321 ரூபாய். மீட்டர் பார்க்க வந்தவர் வெள்ளை அட்டையில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போன பிறகு, அப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றார். உள்ளே வந்தவர் நேராகப் போனது பாத்ரூம் லைட் சுவிட்சுக்கு. அது எரிந்துகொண்டிருந்தது. என் மகள்தான் மறந்திருந்தாள். சரி, அன்று காலை வீடு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற வீடுகளில் 'உங்கப்பன் வீட்டுக் கரண்டா?' என்று கேட்பார்கள். என்னிடம் அப்பா அதைக் கேட்க முடியாது, உண்மையிலேயே அப்பன் வீட்டுக் கரண்ட்தான். அதனால் அவருடைய திட்டு வேறு மாதிரி இருக்கும். அணைத்துவிட்டு, சுவிட்ச் பக்கத்திலேயே நின்று, யாராவது தன்னைப் பார்க்கும்வரை காத்திருப்பார். ஐந்து வயதிலிருந்து நான் பார்த்து வளர்ந்த காட்சி இது. நாற்பத்தைந்து வயதிலும் அறையை விட்டு வெளியே வரும்போது என் கை தானாகச் சுவிட்சுக்குப் போகிறது. அணைக்காமல் வந்துவிட்டால் தெருமுனை வரை ஒரு குற்ற உணர்வு கூடவே வரும். அன்றைக்கு எனக்குள் உறுத்த ஆரம்பித்த கேள்வி இதுதான்: இத்தனை வருஷமாக இவ்வளவு அணைத்திருக்கிறோமே, நிஜமாகவே எவ்வளவு மிச்சமாயிற்று?

வெளிச்சத்தின் மேல் கோபம்

பாத்ரூமில் இருப்பது 9 வாட் எல்இடி பல்பு. தினம் ஒரு மணி நேரம் அணைக்க மறந்தாலும் 60 நாளைக்கு அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல்தான் வரும். இதை அப்பாவிடம் பேப்பரில் போட்டே காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை சரிபார்த்தார். "கணக்கு சரிதான். அதுக்காக எரியவிடலாம்னு சொல்றியா?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அவர் சொல்வதிலும் ஒரு காலத்து நியாயம் இருக்கிறது. எண்பதுகளில் நாங்கள் குடியிருந்த குவார்ட்டர்ஸில் ஃப்ரிட்ஜ் கிடையாது, மோட்டார் கிடையாது. இருந்ததெல்லாம் குண்டு பல்பு, ஒரு டியூப்லைட், இரண்டு மின்விசிறி. நாலு 60 வாட் குண்டு பல்பு சாயங்காலம் ஐந்து மணி நேரம் எரிந்தால் 1.2 யூனிட். டியூப்லைட் பெயருக்கு 40 வாட், அதன் சோக்கு தன் பங்குக்குப் பத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். வீட்டு மின்சாரத்தில் பெரும்பங்கு வெளிச்சத்துக்கே போன காலம். அன்றைக்கு ஒரு சுவிட்சை அணைத்தால் அது பில்லில் தெரிந்திருக்கும். இப்போது எங்கள் வீட்டில் எட்டு எல்இடி பல்பும் அதே ஐந்து மணி நேரம் எரிந்தால் 0.36 யூனிட். 2015இல் மத்திய அரசு உஜாலா திட்டத்தைத் தொடங்கிய பிறகு எல்இடி விலை சரசரவென்று இறங்கியது நினைவிருக்கலாம். நாமும் ஒன்று பீஸானால் ஒன்று என்று மாற்றிக்கொண்டே வந்தோம். வெளிச்சம் கணக்கிலிருந்து சத்தமில்லாமல் கழன்றுகொண்டது. கோபம் மட்டும் பல்பைப் பார்த்தே நின்றுவிட்டது.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, வெளிச்சம் கண்ணுக்குத் தெரிகிறது. மின்சாரத்தை அள்ளிக் குடிப்பவை எல்லாம் சூடாக்குகிறவையும் குளிர்விக்கிறவையும்தான். 2,000 வாட் கீஸர் பத்து நிமிஷம் ஓடினால் போதும், அந்தப் பாத்ரூம் பல்பு 37 மணி நேரம் எரியும் மின்சாரம் போய்விடும். ஆனால் கீஸரைப் போட்டால் ஒரு சின்ன சிவப்பு விளக்குதான் எரியும், அதைக் குற்றமாக யாரும் பார்ப்பதில்லை. மதுரையில் மார்கழி, தை தவிர அதற்கு வேலையும் இல்லை. அந்த இரண்டு மாதமும் விடியற்காலை ஐந்து மணிக்கு அதைப் போடுகிறவர் யார் என்பதை இங்கே எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன்.

அம்மாவின் கிரைண்டர் இன்னொரு நிரந்தரக் குற்றவாளி. "இன்னும் எம்புட்டு நேரம் ஆட்டுவ?" என்று ஹாலிலிருந்து குரல் வரும். அம்மா ஒருநாளும் பதில் சொன்னதில்லை, குழவி நின்றதும் இல்லை.

அந்த வருஷம் புதுக் குற்றவாளி ஒன்றும் வந்திருந்தது. மகள் பத்தாவது போகிறாள், படிக்க வேண்டும் என்று சொல்லி ஏப்ரலில் ஒரு ஏசி வாங்கினோம். 2020 ஜனவரியிலிருந்து ஏசிகள் தாமாக 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் ஆறு சதவீதம் மிச்சம் என்று அரசின் மின்சிக்கனத் துறையே சொல்கிறது. மகளுக்கு 20 வேண்டும், அப்பாவுக்கு 28. கடைசியில் 26இல் வைத்து ஃபேனையும் போட்டுக்கொள்வது என்று சமாதானம் ஆயிற்று. அதனால் 512க்கு ஏசிதான் காரணம் என்று வீட்டில் எல்லோரும் முடிவுகட்டினோம், நானும்தான்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சும்மா இருக்கும்போது, அந்தக் கம்பியை எடுத்துப் புரட்டினேன். அந்த வருஷ பிப்ரவரித் தாள்களை எடுத்து ஒரு நாளின் எண்ணிலிருந்து முந்தைய நாளின் எண்ணைக் கழித்துக்கொண்டே வந்தேன். ஏசி வருவதற்கு முன், ஃபேன்கூட அதிகம் ஓடாத மாதம். ஒரு நாளைக்கு ஐந்தரை, ஐந்தேமுக்கால் யூனிட். 2019 பிப்ரவரியை எடுத்தேன். நாலு. அதே வீடு, அதே ஆட்கள், அதே ஃப்ரிட்ஜ். இடையில் டியூப்லைட்டெல்லாம் எல்இடி ஆகியிருக்கிறது, அதனால் குறைந்திருக்க வேண்டும். தினம் ஒன்றரை யூனிட்டுக்கு மேல் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது, ஏசிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

சிவப்புப் புள்ளி

அன்று ராத்திரி சாப்பிட்டுவிட்டு நான், அப்பா, மகள் மூன்று பேரும் வாசலில் மீட்டர் முன்னால் நின்றோம். பழைய மீட்டரில் வட்டத் தகடு ஒன்று சுற்றும், அதில் ஒரு கறுப்புக் கோடு வரும். அதைப் பார்த்தே வேகம் சொல்லிவிடலாம். இப்போதைய மீட்டரில் தகடு இல்லை, ஒரு சிவப்புப் புள்ளி மினுக்கும், அவ்வளவுதான். அது எதற்கு என்று நான் யோசித்ததே கிடையாது. மகள்தான் மூக்கு இடிக்கும் அளவுக்குப் பக்கத்தில் போய்ப் படித்தாள். "அப்பா, இதுல 3200 இம்ப்பல்ஸ்னு போட்டிருக்கு. 3200 தடவை மினுக்குனா ஒரு யூனிட்." ஒரு மினுக்கலுக்கு 0.3125 வாட் மணி, அதை ஒரு மணி நேரத்தின் 3600 நொடியால் பெருக்கினால் 1125. இரண்டு மினுக்கலுக்கு நடுவே எத்தனை நொடி என்று எண்ணி, 1125ஐ அதால் வகுத்தால் அந்த நேரத்தில் வீடு எத்தனை வாட் இழுக்கிறது என்று வந்துவிடும். பத்தாவது வகுப்புப் பாடத்துக்கு வெளியே ஒன்றுமில்லை. நாற்பது வருஷமாக பில் கட்டும் குடும்பத்துக்கு அது வாசலில் தொங்கியது தெரியவில்லை.

வீட்டில் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அணைத்தோம். விளக்கு, ஃபேன், ஏசி, டிவி. ஃப்ரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கும்போது அம்மா மட்டும், "மாவு புளிச்சிரும்டா" என்றார். "பத்து நிமிஷம்தாம்மா." கும்மிருட்டில், டார்ச்சை அணைத்துவிட்டு, மூன்று பேரும் அந்தப் புள்ளியையே பார்த்தோம். இனி மினுக்கக் கூடாது. மினுக்கியது. மகள் வாய்விட்டு எண்ண ஆரம்பித்தாள். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. மறுபடி மினுக்கியது. பன்னிரண்டு நொடிக்கு ஒருமுறை என்றால் 94 வாட். எல்லாம் அணைந்து கிடக்கிற வீடு, ஒரு சீலிங் ஃபேன் முழு வேகத்தில் ஓடுவதைவிட அதிகமாக இழுத்துக்கொண்டிருக்கிறது.

"செட் டாப் பாக்ஸு" என்றாள். டிவியை ரிமோட்டில் அணைத்தாலும் அது தூங்குவதில்லை, பக்கத்திலிருக்கும் வைஃபை மோடமும் அப்படியே. இரண்டையும் பிடுங்கிவிட்டு வந்து எண்ணினோம். பதினாலு நொடி. 80 வாட். அப்படியானால் இரண்டும் சேர்ந்து 13, 14 வாட். மீதி 80? அப்பா தன் பங்குக்குக் காலிங் பெல்லைச் சந்தேகப்பட்டார். நான் சுவருக்குள் எங்கேயோ வயர் லீக்காகிறது என்று பயந்தேன்.

அந்த இருட்டில்தான் மாடிப்படிக்குக் கீழே பூனை முனகியது. எங்கள் வீட்டுப் பூனை என்று சொல்ல முடியாது, அது எங்களை வைத்துக்கொண்டிருக்கிறது. வெயில் காலம், மழைக் காலம் எதுவானாலும் ராத்திரி அது படுப்பது படிக்குக் கீழே இருக்கும் இன்வெர்ட்டர் மேல்தான். அந்த இடம் அதற்குப் பிடித்திருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். மகள் போய்ப் பூனையைத் தள்ளிவிட்டு இன்வெர்ட்டர் மேல் கைவைத்தாள். "தாத்தா, இங்க வாங்க." நானும் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. பேட்டரியின் பக்கவாட்டில் கைவைத்தால் இன்னும் கூடுதல் சூடு. காதை வைத்துக் கேட்டால், சோடா பாட்டிலைத் திறந்து வைத்த மாதிரி உள்ளே பொறுபொறுவென்று மெல்லிய கொதிப்பு. இன்வெர்ட்டருக்குப் போகும் சுவிட்சை அணைத்தேன். அது 'பீப் பீப்' என்று கத்தியது, அதன் வாயையும் அடைத்துவிட்டு வாசலுக்கு வந்தோம். ஒரு நிமிஷம் பார்த்தோம். இரண்டு நிமிஷம். சிவப்புப் புள்ளி வரவே இல்லை.

80 வாட் என்பது ஒன்பது எல்இடி பல்பு இரவும் பகலும் அணைக்காமல் எரிவது. நாளைக்கு 1.9 யூனிட், இரண்டு மாதத்துக்கு 115. உள்ளே என்ன நடந்தது என்று பிறகு பேட்டரி பார்க்க வந்தவர் சொன்னார். 2017இல் போட்ட பேட்டரி. வயதான லெட் ஆசிட் பேட்டரி எவ்வளவு ஏற்றினாலும் நிரம்பாது. நிரம்பவில்லை என்று நினைத்து சார்ஜர் தள்ளிக்கொண்டே இருக்கும். தள்ளியதெல்லாம் சூடாகவும், தண்ணீர் பிரிந்து வாயுவாகவும் போய்விடும். அதனால்தான் தண்ணீர் சீக்கிரம் வற்றுகிறது. முன்பெல்லாம் நாலு மாதத்துக்கு ஒருமுறை டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினால் போதும். ஒரு வருஷமாக மூன்று வாரத்துக்கு ஒருமுறை மிதவை சிவப்புக்கு இறங்கிவிடும், அப்பா பொறுப்பாகக் கேன் வாங்கிவந்து ஊற்றுவார். அவர் அதைப் பராமரிப்பு என்று நினைத்தார். நாங்களும்தான், "தாத்தா இருக்கிறதாலதான் பேட்டரி இத்தனை வருஷம் வருது" என்று பாராட்டிக்கொண்டிருந்தோம்.

இருட்டிலேயே அம்மாவின் குரல் வந்தது. "ஏங்க, என் கிரைண்டரு எம்புட்டு இழுக்கும்?" மகள் கணக்குப் போட்டாள். 150 வாட், நாற்பது நிமிஷம், ஒரு ஈடு மாவுக்கு 0.1 யூனிட். படிக்குக் கீழே ஒரு நாள் போனதில் பத்தொன்பது ஈடு மாவு ஆட்டலாம். "இத்தனை வருஷமா என்னைத் திட்டுனீங்களே" என்று அம்மா சொல்லவில்லை. ஃப்ரிட்ஜ் பிளக்கை மாட்டச் சொன்னார், அவ்வளவுதான். அப்பாவுக்கு அது திட்டியதைவிட அதிகமாக உறைத்தது என்று நினைக்கிறேன்.

அந்தப் பெட்டி வந்த கதை

இன்வெர்ட்டரைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று நான் சொன்னேன். இப்போது மின்வெட்டு என்பது மாதாந்திரப் பராமரிப்புக்குப் பகலில் நிறுத்துவதும், காற்று மழைக்குக் கொஞ்ச நேரம் போவதும்தான். சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் நாலு விளக்கு வாங்கி வைத்தால் சமாளித்துவிடலாம். அம்மாவும் அதையே சொன்னார். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. காரணமும் சொல்லவில்லை. எழுந்து போய்விட்டார்.

காரணம் எனக்குத் தெரியும். 2012ஐ சென்னைக்கு வெளியே வாழ்ந்தவர்கள் யாரும் மறந்திருக்க முடியாது. பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம், சில நாள் அதற்கும் மேல். ஒரு மணி நேரம் இருக்கும், ஒரு மணி நேரம் போகும். அந்த வருஷம் அப்பத்தா படுத்த படுக்கையாக இருந்தார். முதுகில் புண் வரக் கூடாது என்று டாக்டர் காற்றுப் படுக்கை போடச் சொல்லியிருந்தார். அதற்கு ஒரு சின்ன பம்ப்பு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கரண்ட் போனால் பம்ப்பு நிற்கும், படுக்கை மெல்ல மெல்ல இறங்கும். இறங்கிய படுக்கையில் அப்பத்தாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புரட்டிவிட்டு, பனையோலை விசிறியால் வீசிக்கொண்டு, அப்பா ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பார். நான் அப்போது வெளியூரில் வேலையில் இருந்தேன், வாரம் ஒருமுறை வருவேன். வரும்போதெல்லாம் அவருடைய வலது தோளில் தைல வாசனை அடிக்கும். அக்டோபரில் பிஎஃப் பணத்தில் கொஞ்சம் எடுத்து இன்வெர்ட்டர் வாங்கினார். அந்த மின்வெட்டில் அது பாதி நேரம் முழுதாக சார்ஜே ஏறாது, ஆனாலும் பம்ப்பு ஓடியது. அப்பத்தா அதற்கு அப்புறம் மூன்று மாதம் இருந்தார்.

ஆக, படிக்குக் கீழே இருந்த பெட்டியை அவர் யூனிட் கணக்கில் சேர்க்கவே இல்லை. வீட்டில் ஒவ்வொரு சுவிட்சையும் சந்தேகப்பட்டவர் அதை மட்டும் சந்தேகப்படவில்லை. அது செலவு என்று அவருக்குத் தோன்றியிருக்காது. காலையில் எழுதும் எண்ணில் அதன் பங்கும் இருந்தது, அவர் கையாலேயே வருஷக்கணக்காக அதை எழுதி வந்திருக்கிறார்.

பழைய பேட்டரியை எடை போட்டுக் கடைக்காரர் எடுத்துக்கொண்டார். ஜூன் முதல் வாரம் புதுப் பேட்டரி வந்தது, 14,500 ரூபாய். கூட்டிக் கழித்துப் பார்த்தால் இதில் லாபம் என்று ஒன்றும் இல்லை. இரண்டு மாதத்துக்கு ஐந்நூறு, அறுநூறு ரூபாய் மிச்சமானால் போட்ட பணம் திரும்ப நாலு வருஷத்துக்கு மேல் ஆகும், அதற்குள் இந்தப் பேட்டரியும் கிழடாகிவிடும். கணக்குப்படி அம்மா சொன்னதுதான் சரி. நான் வாதாடவில்லை. அதற்குப் பதிலாக ஹாலிலும் அம்மாவின் அறையிலும் பிஎல்டிசி ஃபேன் மாட்டினேன். பழையது 75 வாட், இது முழு வேகத்தில் 28. ரிமோட்டில் ஓடுகிறது என்பதுதான் வம்பு. ரிமோட்டைத் தேடும் நேரத்தில் நடந்து போய் ரெகுலேட்டரைத் திருப்பியிருக்கலாம் என்று அப்பா ஒரு நாளைக்கு மூன்று தடவையாவது சொல்கிறார். ஜூலைக் கணக்கு 431 வந்தது. வெள்ளை அட்டையைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மேசை டிராயரில் வைத்தார். பாத்ரூம் சுவிட்சைப் பற்றிய சண்டை மட்டும் இன்னும் முடியவில்லை, 9 வாட்டுக்கு அதே முறைப்பு.

புதுப் பேட்டரி முழுதாக ஏறிய பிறகு, ஒரு ராத்திரி அப்பா என்னை எழுப்பாமல், முன்போலவே எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, தானே மீட்டர் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் கடிகாரம். எழுபது நொடிக்கு ஒருமுறைதான் மினுக்குகிறது என்று காலையில் சொன்னார். பதினாறு வாட். அந்த எண்ணையும் காலண்டர் தாளில் எழுதியிருந்தார்.

பூனை ஒரு வாரம் படிக்குக் கீழே போய்ப் போய்ப் பார்த்தது. இன்வெர்ட்டர் மேல் ஏறும், கொஞ்சம் சுற்றும், இறங்கிவிடும். பிறகு இரண்டு நாள் ராத்திரியில் ஆளையே காணோம். மூன்றாம் நாள் காலை அப்பா காலண்டர் தாளோடு வாசலுக்குப் போகிற வழியில் நின்று, என்னைக் கூப்பிட்டார். டிவிக்குக் கீழே உள்ள தட்டில், செட் டாப் பாக்ஸுக்கும் மோடத்துக்கும் நடுவே உடம்பைத் திணித்துக்கொண்டு, தாடையை பாக்ஸ் மேல் வைத்துப் பூனை தூங்கிக்கொண்டிருந்தது. அப்பா குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது பதிமூணு வாட்டுடா" என்றார்.